படகுச் சங்கத்தின் சொல் அரசாணை ஆவது எப்படி: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசைப்படகு வாங்கி ராமேசுவரத்திலோ பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு படகு உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்திருப்பவருக்கும், சங்கத்தில் முதல் முறையாகச் செயலாளர், பொருளாளர் பொறுப்புக்கு வந்திருப்பவருக்கும் எழுதியது இது. எந்த நாள் கடலுக்குப் போகலாம், எந்த மடி (வலை) போடலாம், மானிய டீசல் எத்தனை லிட்டர், பிடிபட்ட படகு திரும்பி வருமா என்று ஒவ்வொன்றையும் தீர்மானிப்பது எங்கோ ஒரு மேசையில் எழுதப்படும் விதி. அந்த மேசைக்குச் சங்கத்தின் சொல் போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

சங்கம் என்றால் உண்ணாவிரதமும் வேலைநிறுத்தமும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அவை தேவைப்படும் நாளும் உண்டு. ஆனால் ஒரு விதி வரைவாக இருக்கும்போது இரண்டு பக்கக் கடிதத்தால் திருந்தக்கூடியது, அரசிதழில் ஏறிய பிறகு இரண்டு ஆண்டு போராடினாலும் திருந்தாமல் போகிறது. கீழே உள்ள பெரும்பாலான வேலைகள் அந்த வரைவுக் காலத்தைத் தவறவிடாமல் இருப்பதற்கானவை.

முதல் வேலை: எந்த விதி எந்த மேசையில் பிறக்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது இனமாக இருக்கிறது. ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன் பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் 57-வது இனம். ஆட்சிக்கடல் 12 கடல் மைல். அதற்கு வெளியே 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். ஆகவே ஒரே மடிக்கு 12 மைலுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே வேறு சட்டம் இருக்கலாம். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது: 12 மைலுக்கு அப்பால் மட்டும், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும், பதிவு பெற்று இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய படகுக்கு மட்டும். அந்த 12 மைல் கோட்டைக் கவனிக்காமல் மாநில அதிகாரியிடமே திரும்பத் திரும்ப மனுக் கொடுத்திருந்தால் இப்படி ஓர் உத்தரவு வந்திருக்காது.

நம் கரையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தெற்கே போகப் போகக் கடல் விரிகிறது. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், அப்படி இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த எல்லைக்கோடு கரைக்கு மிக அருகே வந்துவிடுகிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ், கரையோரம் 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த 3 மைலுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே மிஞ்சும் சந்துதான் விசைப்படகின் கடல். வடகடல் பற்றிய எந்த மனுவும் இந்தச் சந்தின் அகலத்தை வரைபடத்தோடு சொல்லித் தொடங்க வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ கோப்பைப் பிரிப்பவர் இந்தக் கடலைப் பார்த்திருக்க மாட்டார். சட்ட நகலைப் பொறுத்தவரை திருத்தங்கள் சேர்ந்த இப்போதைய பிரதியையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகலை நம்பிப் பேசி, அதிகாரி புதிய விதியைக் காட்டியதும் வாயடைத்துப் போனால் கூட்டத்தில் மற்றக் கோரிக்கைகளும் வலுவிழக்கும்.

இனி மேசைகள். டோக்கன் (கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு), உரிமம், மானிய டீசல், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாம் மாநில மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை. முதல் படி உதவி இயக்குநர் அலுவலகம், அடுத்தது துணை இயக்குநர், அதற்கு மேல் ஆணையரும் துறைச் செயலாளரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பேச வேண்டியது வனத்துறையிடம். பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டுமானால் துறைமுக அலுவலகமும் ரயில்வேயும் சேர்ந்து முடிவு செய்யும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும். உயரமான படகு வைத்திருப்பவர்கள் பாலம் தூக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த நேர அட்டவணையே உங்களுக்கு ஒரு கொள்கைப் பிரச்சினை. இலங்கையில் சிறைபிடிக்கப்பட்டவர்களின் விடுதலை வெளியுறவு அமைச்சகத்தின் வேலை. மாநில அரசு கடிதம் எழுதி அழுத்தம் தரலாம், முடிவெடுக்க முடியாது. கோரிக்கை எழுதும் முன் அதன் எதிரே மேசையின் பெயரை எழுதிப் பழகுங்கள்.

சங்கத்துக்குச் சட்ட உருவம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆனால் அரைகுறையாக விடவும் கூடாது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். ஆண்டுப் பொதுக்குழு, வரவு செலவு, நிர்வாகிகள் மாற்றம் மூன்றையும் உரிய காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கமாகத் தவறுவது மூன்றாவது. தேர்தல் நடந்து புதியவர்கள் வந்திருப்பார்கள், பதிவாளரிடம் பழைய பெயர்களே இருக்கும். பிறகு உயர் நீதிமன்றத்தில் சங்கத்தின் பெயரில் மனுப் போட்டால், எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் உண்டா என்பதாக இருக்கும்.

தீர்மானப் புத்தகம் ஒன்று கட்டாயம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தேதி, வந்திருந்தோர் எண்ணிக்கை, கையெழுத்து. தனித்தாளில் தட்டச்சு செய்து பிறகு ஒட்டிய தீர்மானத்தை யாரும் மதிப்பதில்லை.

கூட்டுறவுச் சங்கம் வேறு, உரிமையாளர் சங்கம் வேறு, ஊர்க் கமிட்டி வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பது குறித்து 2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் முன்னுரிமை என்கின்றன. வெறும் சங்கமாக மட்டும் இருப்பவர்கள், உறுப்பினர்களில் ஒரு பகுதியினராவது கூட்டுறவாகவும் பதிந்துகொள்வது பற்றி இந்த ஆண்டே பேசி முடிவெடுப்பது நல்லது.

உறுப்பினர் படகுகளின் தாள்

சங்கம் எத்தனை படகுக்காகப் பேசுகிறது என்று கேட்டால், பட்டியலை எடுத்து நீட்ட வேண்டும். படகு ஒன்றுக்கு ஒரு கோப்பு: பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீடு, டீசல் அட்டை, டிரைவர் மற்றும் தொழிலாளர்களின் அடையாள அட்டை நகல், இருப்பிடம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருந்தால் அதன் எண். நம் மாவட்ட விசைப்படகுகள் பலவற்றின் பதிவெண் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும். பதிவு இப்போது ஒன்றிய அரசின் ரியல்கிராப்ட் இணையத்தளம் வழியாக நடக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை பெயர் மாற்றம். படகு இரண்டு கை மாறியிருக்கும், பணம் கொடுத்து வாங்கியவர் ஓட்டிக்கொண்டிருப்பார், சான்றில் பழையவர் பெயரே நிற்கும். மானிய டீசல் கணக்கில் குழப்பம் வருவது ஒருபுறம். அந்தப் படகு இலங்கையில் பிடிபட்டால், உரிமையாளர் குறித்த நாளில் அங்குள்ள நீதிமன்றத்தில் நேரில் நின்று உரிமை ஆவணத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் படகு அரசுடைமை. சான்றில் பெயர் இல்லாதவர் எவ்வளவு அழுதாலும் அங்கே உரிமையாளர் ஆகமாட்டார். உறுப்பினர் சேரும்போதே பெயர் மாற்றம் முடித்திருக்க வேண்டும் என்று சங்க விதியில் எழுதிவிடுங்கள். கடவுச்சீட்டும் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

கணக்கு: சங்கத்தின் உண்மையான ஆயுதம்

கொள்கை வகுப்பவரிடம் கஷ்டம் என்று சொன்னால் அவர் தலையசைப்பார். லிட்டர் கணக்கு, நாள் கணக்கு, கிலோ கணக்கு சொன்னால்தான் பேனாவை எடுப்பார். டீசலையே எடுத்துக்கொள்வோம். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரி விலக்கு டீசல் 19,000 ஆகும் என்று 2023 ஆகஸ்டு 18 அன்று மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அது போதுமா, போதாதா?

ஆண்டில் 365 நாள். கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீதி 304 நாள், சுமார் 43 வாரம். வடகடலில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை இருப்பதால், 43 வாரத்துக்கு 3 நாள் வீதம் ஏறக்குறைய 130 நாள். 19,000-ஐ 130-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 146 லிட்டர். இனி உங்கள் படகு ஒரு முறை போய் வர எவ்வளவு குடிக்கிறது? பேச்சுக்கு 350 லிட்டர் என்று வையுங்கள். மானிய டீசல் 54 தடவையோடு தீர்ந்துவிடும். மீதி 76 தடவை முழு விலை. ஆனால் புயல் எச்சரிக்கையாலும் பலத்த காற்றாலும் டோக்கன் கிடைக்காத நாட்கள், வேலைநிறுத்த நாட்கள், பழுது பார்க்கும் நாட்களைக் கழித்தால் உண்மையில் கடலுக்குப் போன நாள் 130 இருக்காது. அதனால் கோரிக்கையின் எண்ணும் குறையும். உங்கள் படகுகளின் உண்மை எண்ணைப் போட்டு இந்தக் கணக்கை அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதிகாரி சரிபார்க்கக்கூடிய கணக்கு அது. அவரே கோப்பில் இணைத்து மேலே அனுப்பிவிட முடியும்.

இதற்கு ஒரு பாட்டுப் புத்தகம் வேண்டும். ஒரு முறை கடலுக்குப் போய் மீனோடு திரும்புவதுதான் ஒரு பாடு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி: போன தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், டீசல் லிட்டர், ஐஸ், இறால், நண்டு, கணவாய், சங்காயம் (கழிவு மீன்) என இனவாரியாகக் கிலோ, ஜெட்டியில் கிடைத்த விலை, தொழிலாளர் எண்ணிக்கை, பங்கு. எல்லாப் படகும் எழுத மாட்டார்கள். பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து 20 படகு ஓராண்டு ஒழுங்காக எழுதினால் போதும். இழப்பை மட்டும் எழுதி நல்ல பாடு கிடைத்த நாளை விட்டுவிடும் பழக்கம்தான் இங்கே வரும் கேடு. மீன்வளத்துறையிடமும், மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திடமும் தனிக் கணக்கு இருக்கிறது. உங்கள் எண் அவர்களின் எண்ணோடு ஒட்டாமல் போனால் அடுத்த முறை உண்மையைக் கொண்டுபோனாலும் எடுபடாது.

டோக்கன் வழங்காத நாட்களின் எண்ணிக்கை உங்களிடம் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “கடந்த 3 ஆண்டுகளில் வானிலை காரணமாக அனுமதிச் சீட்டு வழங்கப்படாத தேதிகளின் பட்டியல்” என்று தேதியைக் கேளுங்கள். “ஏன் வழங்கவில்லை” என்று கேட்டால் விளக்கம் சொல்லக் கடமையில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

வரைவுக்குப் பதில் எழுதுவது

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வரும் வரைவு அறிவிக்கைகளுக்கு ஆட்சேபம் சொல்ல 60 நாள் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இந்த வகை. பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கான மக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒன்றிய அரசின் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது. ஆனால் எல்லா வரைவுக்கும் அது நடப்பதில்லை. ஆகவே வாரம் ஒரு நாள் ஒன்றிய மீன்வளத்துறை, கப்பல் துறை, சுற்றுச்சூழல் அமைச்சக இணையத்தளங்களையும் இரண்டு அரசிதழ்களையும் பார்க்க ஒருவரை நியமியுங்கள். கல்லூரியில் படிக்கும் மீனவர் பிள்ளை ஒருவருக்குச் சங்கம் மாதச் சிறு தொகை கொடுத்து இதைச் செய்யச் சொன்னால் இரு தரப்புக்கும் நல்லது.

வரைவு கிடைத்ததும் முதலில் வரையறைப் பகுதியைப் படியுங்கள். “இயந்திரப் படகு” என்பதற்கு நீளம் வைத்து வரையறை சொல்கிறார்களா, குதிரைத்திறன் வைத்தா என்பதில்தான் உங்கள் படகு உள்ளே வருமா, வெளியே நிற்குமா என்பது இருக்கிறது. அடுத்தது தண்டனைப் பகுதி, பிறகு எந்தத் தேதி முதல் நடைமுறை, யார் மேல்முறையீட்டு அதிகாரி. முகவுரையைக் கடைசியில் படித்தால் போதும்.

பதில் எழுதும் முறை இதுதான்: விதி எண், அதில் உள்ள சொற்கள், அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் சொற்கள், காரணம் மூன்று வரி. மாதிரிக்கு: “விதி எண் இன்னது. ‘கரையிலிருந்து புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘ஆழ்கடல் உரிமம் பெற்ற படகு நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள்’ என்று திருத்த வேண்டும். காரணம்: தூண்டில், செவுள் வலைப் படகுகள் பல நாள் தங்கித் தொழில் செய்பவை. அவற்றுக்கு 24 மணி நேரம் பொருந்தாது.” இப்படி எழுதினால் கோப்பு எழுதுபவர் உங்கள் சொற்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியும். “இந்தச் சட்டம் மீனவர் விரோதச் சட்டம், உடனே திரும்பப் பெறுக” என்ற ஒற்றை வரி மேடைக்குச் சரி, கோப்புக்குப் பயனில்லை. அடிப்படையிலேயே கூடாது என்று நினைக்கும் சட்டத்துக்கும் முதலில் அந்த எதிர்ப்பை எழுதிவிட்டு, “எனினும் நிறைவேற்றப்படுமானால்” என்று தொடங்கித் திருத்தங்களையும் கொடுங்கள். 2021-ல் இந்தியக் கடல் மீன்வள மசோதா நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தின் பட்டியலில் இருந்தும், கடலோர மாநிலங்களில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு தாக்கலாகவில்லை. ஆனால் தனிப் பொருளாதார மண்டலத்தில் அனுமதி என்ற அதே கருத்து 2025-ல் விதிகளாக வந்தது. தள்ளிப்போனது என்றால் முடிந்துபோனது என்று பொருளில்லை. 2021-லேயே திருத்தங்களைத் தயாராக எழுதி வைத்தவர்களுக்கு 2025-ல் வேலை குறைவாக இருந்திருக்கும்.

கப்பல்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்

பெரும் கப்பல் முதலாளிகளின் சங்கங்களைப் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. லண்டனில் உள்ள பன்னாட்டுக் கப்பல் வாணிகச் சங்கம் 1921-ல் தொடங்கியது. உலக வணிகக் கப்பல் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் அதன் உறுப்புச் சங்கங்களின் கீழ் வருகிறது. 1961 முதல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் ஆலோசனைத் தகுதி பெற்றிருக்கிறது. வாக்குரிமை கிடையாது. அறிக்கை கொடுக்கலாம், பேசலாம், அவ்வளவே. ஆனாலும் அதன் சொல் விதிகளில் ஏறுகிறது. காரணம், நிரந்தர அலுவலகம், தொழில்நுட்பம் தெரிந்த குழுக்கள், நேரம் தவறாத எழுத்து. அங்கே ஒரு நாட்டின் முன்மொழிவுக்குக் கருத்துச் சொல்லும் தாள் 4 பக்கத்துக்குள், கூட்டத்துக்கு 7 வாரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கூட்டம் தொடங்கும் காலையில் மனுவோடு போய் நிற்பதற்கு இடமே இல்லை.

இந்தியாவில் 1929-ல் தொடங்கிய இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கம் நெடுங்காலமாக ஒரே கோரிக்கையை விடாமல் பேசி வருகிறது: அரசுச் சரக்கை ஏற்ற இந்தியக் கொடிக் கப்பலுக்கு முன்னுரிமை வேண்டும். 2021-ல் ஒன்றிய அமைச்சரவை, அரசு டெண்டர்களில் இந்தியக் கப்பல் நிறுவனங்களுக்கு 5 ஆண்டில் 1,624 கோடி ரூபாய் மானியம் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு கோரிக்கையைப் பதவிக்கு வரும் ஒவ்வொரு நிர்வாகமும் மாற்றாமல் பிடித்துக்கொள்வது நம் சங்கங்களில் அரிது. தலைவர் மாறினால் கோரிக்கைப் பட்டியலும் மாறுகிறது.

மாலுமிகளின் வேலை நிலைமை பற்றிய 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் உரிமையாளர், மாலுமிச் சங்கம், அரசு என மூவரும் உட்கார்ந்து எழுதியது. நமக்கும் இது பொருந்தும். படகுத் தொழிலாளர்களோடு பங்கு, சிறை சென்ற நாட்களுக்கான உதவி, காப்பீடு ஆகியவற்றைப் பேசித் தீர்க்காமல் உரிமையாளர் சங்கம் தனியாகப் போனால், கூட்டத்திலேயே தொழிலாளர் பிரதிநிதி எழுந்து எதிர்ப்பார். நாட்டுப்படகுக்காரர்களோடும் அப்படியே. வாரத்தை 3 நாள், 4 நாள் என்று பிரித்த முறை, இரு தரப்பும் கடலில் மோதி வலையும் உயிரும் இழந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதைத் தொடும் எந்தக் கோரிக்கையையும் முதலில் நாட்டுப்படகுச் சங்கத்தோடு பேசி, கூட்டுத் தீர்மானமாக எழுதிய பிறகே மேலே அனுப்புங்கள்.

ஆட்சியர் கூட்டத்துக்குப் போகும் முன்

மாவட்ட ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனி மனு, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு அலுவலகத்துக்குப் போகும்; மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது முதல் கோரிக்கைக்குரிய அலுவலகத்துக்குப் போய் மற்ற இரண்டும் அங்கேயே உறங்கும். ஒப்புகைச் சீட்டு எண் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பெரிய திட்டம் கதவைத் தட்டும்போது

2017 ஜூலையில் ராமேசுவரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ஆழ்கடல் மாற்றுத் திட்டத்தைப் பாடமாக வைத்துப் படியுங்கள். வடகடலில் தரையோடு மடியை இழுத்து மீன் பிடிக்கும் இழுவைப் படகுகளுக்குப் பதிலாகச் சூரை மீன் பிடிக்கும் தூண்டில், செவுள் வலைப் படகுகள். இலக்கு 2,000 படகு. ஒரு படகுக்கு மதிப்பு 80 லட்சம் ரூபாய்: ஒன்றிய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், உரிமையாளர் 8 லட்சம். தாளில் 8 லட்சத்துக்குப் புதுப் படகு. ஆனால் மானியம் 80 லட்சத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், கட்டி முடிக்கும்போது செலவு 1 கோடி ஆனால் கூடுதல் 20 லட்சமும் உரிமையாளர் தலையில். 8 லட்சம் 28 லட்சமாகிவிடும். பழைய இழுவைப் படகையும் விட்டுக்கொடுக்க வேண்டும். தொழிலும் மாறுகிறது: காலையில் போய் மறுநாள் திரும்பிய டிரைவர் பல நாள் கடலில் தங்க வேண்டும், தூண்டில் கயிறு விடும் கையே வேறு, ஐஸ் கொள்ளளவு வேறு. வடகடல் ஆழம் குறைந்த கடல். ஆழ்கடல் படகை நிறுத்த ஏற்ற இடம் குந்துகாலும் மூக்கையூரும் போலத் தென்கடல் பக்கம்தான். வீடு ராமேசுவரத்தில், படகு மூக்கையூரில் என்றால் காவல், ஐஸ், வியாபாரி, தொழிலாளர் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் தனிச் செலவு. எதிர்பார்த்த வேகத்தில் படகுகள் மாறாததற்கு இவையெல்லாம் காரணங்கள்.

திட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. வடகடலின் தரை இழுவையைத் தாங்கவில்லை. அதனால்தான், அடுத்த திட்டம் வரைவாக இருக்கும்போதே சங்கம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: செலவு கூடினால் மானியமும் கூடுமா, கடன் தவணை முதல் பாட்டுக்குப் பிறகு எத்தனை மாதம் கழித்துத் தொடங்கும், பயிற்சி எத்தனை நாள், யார் செலவு, படகை நிறுத்தும் இடம் எது, பழைய படகுக்கு என்ன விலை. எழுத்தில் பதில் வராத கேள்வியோடு உறுப்பினரைக் கையெழுத்திட விடாதீர்கள்.

எல்லைக்கு அப்பால் பேசுவது

இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் 2010 முதல் 2016 வரை சென்னை, கொழும்பு, டெல்லியில் பல முறை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே இடத்தில் முட்டியது: இழுவை மடியை எப்போது நிறுத்துவீர்கள்? நம் பக்கம் ஆண்டுக்கு 83 நாள் வீதம் 3 ஆண்டு அவகாசம் கேட்டது உண்டு. வட இலங்கை மீனவர்கள் ஏற்கவில்லை. 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது அதன் வேலைகளில் முதன்மையானது. 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவை மடியையே சட்டத்தால் தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுக்கான அபராதத்தை, படகின் நீளத்தைப் பொறுத்து, 50 லட்சம் முதல் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை உயர்த்தியது.

இந்த மேசைக்குப் போகும் சங்கம் படகு எண்ணிக்கையோடு கூடிய காலக்கெடுவை எடுத்துப் போக வேண்டும்: இந்த ஆண்டு இத்தனை படகு மடியை மாற்றும், அடுத்த ஆண்டு இத்தனை, அதற்கு இந்த அரசு இன்ன உதவி. எதிரே உட்கார்ந்திருப்பவரும் போரில் வலையும் படகும் இழந்து மீண்டும் தொழிலுக்கு வந்த மீனவர். அவருடைய வலை இழுவைப் படகில் சிக்கிக் கிழிந்தால் அவருக்கு அந்தப் பருவமே போச்சு. அதை ஒப்புக்கொண்டு தொடங்கும் பேச்சுதான் அடுத்த கூட்டம் வரை தாங்கும்.

வேலைநிறுத்தம்

படகு நின்றால் தொழிலாளிக்குப் பங்கு இல்லை, ஐஸ் ஆலை நிற்கும், கருவாடு காயப்போடும் பெண்களுக்கு வேலை இல்லை. அறிவிக்கும் முன் மூன்றை முடிவு செய்யுங்கள்: யாரிடம் கேட்கிறோம், எது கிடைத்தால் நிறுத்துவோம், எத்தனை நாளில் மறுபரிசீலனை. “காலவரையற்ற” என்று அறிவித்துவிட்டு, நான்காம் நாள் வாய்மொழி உறுதியோடு முடிப்பது அடுத்த போராட்டத்தின் மதிப்பைக் கெடுக்கும். உறுதிமொழியைக் கூட்டக் குறிப்பாக எழுதி, அதிகாரியின் கையெழுத்தோடு நகல் வாங்குங்கள்.

அறிவிப்புக்குப் பிறகு

பலர் இங்கேதான் ஓய்ந்துவிடுகிறார்கள். மேடையில் வந்த அறிவிப்பு அரசாணையாக வேண்டும், அரசாணைக்கு நிதி ஒதுக்கீடு வேண்டும், பிறகு ஆணையரின் சுற்றறிக்கை மாவட்டத்துக்கு வர வேண்டும். மண்டபம் மாநாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்றும் அறிவித்தார்கள். இப்படி ஒன்று வந்த மறுநாளே ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: அறிவித்த தேதி, அரசாணை எண்ணும் தேதியும், நடைமுறைக்கு வரும் நாள், முதல் உறுப்பினர் கைக்குப் பணமோ டீசலோ வந்த நாள். அரசாணையை வரிவரியாக அறிவிப்போடு ஒப்பிடுங்கள். தகுதி என்ற பத்தியில்தான் ஆட்கள் விடுபடுவார்கள். குடும்ப அட்டை ஒன்றாக இருக்கும் அண்ணன் தம்பிகள், கணவர் இறந்த பெண் உரிமையாளர், வெளியூரில் பதிந்த படகு என்று. விடுபட்டவர்களின் பட்டியலை ஒரு மாதத்துக்குள் துணை இயக்குநரிடம் கொடுங்கள். இரண்டு மாதமாகியும் அரசாணை வரவில்லையென்றால் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். வந்துவிட்டால் அதன் நகலை டோக்கன் வாங்கும் சன்னலுக்குப் பக்கத்தில், மழை நனையாத இடத்தில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.